கோமுகம் காணப் புறப்படுவோர்க்கு

வரப்பே மேடாகத் தோன்றும் தஞ்சைத் தரணியினர் நாம். நம் காவிரி குடகுமலை மழையால் வளர்வது. கங்கையின் தலையாறாகிய பாகீரதியோ கங்கோத்திரிப் பனியாறு உருகிப் பிறப்பது. அப்பனியாறு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீண்டது. அதன் வாயே கோமுகம்.

அவ்விடம் கங்கோத்திரியிலிருந்து சுமார் 18 கிலோமீட்டர். உயரம் ஏறத்தாழ 4,000 மீட்டர். வனத்துறையின் அனுமதிச்சீட்டு இன்றிச் செல்லலாகாது. முதல்நாள் போஜ்பாசாவில் தங்கி, மறுநாள் வைகறையிலேயே புறப்படுக. கதிரவன் ஏற ஏறப் பனி உருகும், ஓடைகள் பெருகும், சரிவில் கற்கள் உருளும். ஆதலின் நண்பகலுக்குள் திரும்புதல் வேண்டும். அங்குக் காற்று மெலிது. நாள்முழுதும் வயலில் உழைத்தவனுக்கும் மூச்சு வாங்கும். தலைவலியும் குமட்டலும் தோன்றின் நாணாது கீழிறங்குக.

பனிமுகத்தை அணுகி நீராட விழைவோரும் உளர். பெரும் பனிக்கட்டிகள் பெயர்ந்து விழும் இடம் அது! செம்பில் நீர் முகப்பதாயினும், எட்டி நின்று கீழே ஓடும் ஆற்றில் முகந்துகொள்க.