எடை குறைந்த பின்

உடல் எடையைக் குறைப்பதைவிடக் குறைத்த எடையைக் காத்துக்கொள்வதே அரிது. மூன்று மாதம் சோற்றைத் துறந்து, இனிப்பை வெறுத்து, இரவில் வெள்ளரிக்காயுடன் படுத்துறங்கி எடையைக் குறைத்தவருள் பலர் சில ஆண்டுகளில் பழைய எடைக்கே திரும்பிவிடுகின்றனர். ஊரார் அதனை மனவுறுதி இன்மை என்பர். அவர்களும் அவ்வாறே எண்ணி நாணுவர். உடலியல் கூறும் காரணம் வேறு.

அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில், 1944ஆம் ஆண்டின் இறுதியில் ஆன்சல் கீஸ் என்னும் உடலியல் அறிஞர் ஓர் ஆய்வைத் தொடங்கினார். இரண்டாம் உலகப்போரில் பட்டினியால் வாடிய ஐரோப்பிய மக்களுக்கு எவ்வாறு உணவூட்டி மீட்பது என்பதை அறிவதே அதன் நோக்கம். ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள் தாமே முன்வந்து அதற்கு உடன்பட்டனர். 1945இல் ஏறத்தாழ ஆறு மாத காலம் அவர்களின் உணவு பாதியளவாகக் குறைக்கப்பட்டது. உருளைக்கிழங்கு, ரொட்டி முதலியன நாளுக்கு இருவேளை. ஆற்றல் அளவு 1,600 கலோரியை ஒட்டியது. விரைவில் மெலிவிப்பதாகக் கூறும் இன்றைய திட்டங்கள் சில இதனினும் குறைவாகவே உண்ணச் சொல்கின்றன என்பது எண்ணத்தக்கது.

அவ்விளைஞர்கள் தம் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை இழந்தனர். உடல் குளிர்ந்தது, இதயத்துடிப்பு தளர்ந்தது, சிரிப்பும் நட்பும் அருகின. சமையலில் நாட்டமே இல்லாதிருந்தவர்கள் சமையல் நூல்களைத் தேடிப் படித்தனர், தட்டை நக்கினர், கனவிலும் உணவையே கண்டனர். கட்டுப்பாடு நீங்கியபின் சிலர் வயிறு கொள்ளாமல் உண்டும் பசி அடங்காமல் தவித்தனர். இழந்த கொழுப்பு முன்னிருந்த அளவையும் கடந்து மீண்டது.

உடல் எடை குறைவதை உடல் வறட்சிக் காலத்தின் வருகையாகவே கொள்கிறது. நிறைவை உணர்த்தும் லெப்டின் என்னும் இயக்குநீர் குறைகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் மிகுகிறது. ஓய்வில் செலவாகும் ஆற்றலும் சுருங்குகிறது. எடை குறைத்து ஓராண்டு கழிந்தும் இவ்வியக்குநீர்களின் மாற்றம் நீங்கவில்லை என்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்டனர். ஓராண்டுக் காலம் இடைவிடாது கூப்பிடும் பசியை வெறும் வைராக்கியத்தால் எதிர்த்து நிற்பது எவர்க்கும் எளிதன்று.

எனவே எத்தனை கிலோ குறைந்தது என்பதற்கு முன்னர்க் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: இந்த உணவைப் பத்தாண்டுகள் கழித்தும் விருப்பத்தோடு உண்ண இயலுமா? இயலாதெனில், அம்முறை தொடங்கும்போதே முடிவுநாளையும் குறித்துக்கொண்டுவிடுகிறது.

நாள்தோறும் நான்கு குவளைத் தேநீர் அருந்தும் ஒருவர் குவளைக்கு இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை சேர்ப்பதாகக் கொள்வோம். தேக்கரண்டிக்கு 4 கிராம் எனினும் நாளொன்றுக்கு 32 கிராம். ஆண்டுக்குப் பதினோரு கிலோவுக்கும் மேல். தேநீரையே விடுமாறு கூறினால் அவர் ஒரு வாரம் விடுவார். எட்டாம் நாள் தெருமுனைக் கடையில் நிற்பார். சர்க்கரையைச் சிறிது சிறிதாகப் பாதியாக்கினால், சில வாரங்களில் நாவே அதற்குப் பழகிக்கொள்ளும். பழைய இனிப்பு திகட்டவும் கூடும். தட்டிலும் அவ்வாறே. ஒரு கரண்டிச் சோற்றைக் குறைத்த இடத்தில் அவரைக்காய்ப் பொரியலோ கீரை மசியலோ அமர்ந்தால் தட்டு நிறைந்தே இருக்கும். மாலையில் வறுவலுக்கு மாற்றாகத் தேங்காய்த் துருவலும் மாங்காய்த் துண்டும் கலந்த சுண்டலை உண்பவர் எதையும் இழந்தவராகத் தம்மைக் கருதமாட்டார். அதன் புரதமும் நார்ச்சத்தும் பசியை நெடுநேரம் தள்ளிவைக்கும்.

திருமண விருந்தில் ஒரு கிண்ணம் பாயசம் அருந்தியதால் எவரும் பருத்துவிடுவதில்லை. ‘விரதம் கெட்டது; இனி என்ன?’ என்று அடுத்து வரும் நாள்களையும் கைவிடுவதே கேடு. மறுநாள் காலை வழக்கமான இட்லியும் சாம்பாரும் காத்திருக்கின்றன. அங்கிருந்து தொடர்ந்தால் போதும்.

வளரிளம் பருவத்தினர்க்கு ஒன்றைத் தனியே கூறவேண்டும். எலும்பும் தசையும் வளரும் காலம் இது. கண்ணாடியைக் கண்டு கலங்கியோ தோழரின் கேலிக்கு அஞ்சியோ காலை உணவைத் தவிர்ப்பதும் பட்டினி கிடப்பதும் தீங்கு பயக்கும். எடை குறைக்க வேண்டுமா என்பதையே முதலில் மருத்துவர் முடிவு செய்தல் வேண்டும்.

இதில் வீட்டாருக்கும் பங்குண்டு. ஒருவருக்கு மட்டும் தனிப்பாத்திரத்தில் உப்பும் உறைப்புமற்ற உணவு சமைக்கப்படும் வீட்டில் அவர் உண்ணும்போதெல்லாம் நோயாளியாகவே உணர்வார். எண்ணெய் சற்றே குறைந்த அதே குழம்பு எல்லார் தட்டிலும் விழும் வீட்டில், யார் எடை குறைக்கிறார் என்பதே விருந்தினர்க்குத் தெரியாது.