டேட்டாபேஸ் சர்வர் ஸ்டார்ட் ஆகவில்லையா? அவசரப்பட்டு எதையும் அழிக்காதீர்கள்!

2019ஆம் ஆண்டு தீபாவளிக்கு இன்னும் 12 நாட்கள் இருந்தன. எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அக்காவிடமிருந்து போன் வந்தது. "தம்பி, நீ போட்டுக் குடுத்த புரோகிராம் திறக்கவே மாட்டேங்குது. ஏதோ இங்கிலீஷ்ல வருது. கொஞ்சம் வந்து பாரேன்" என்றார்.

கல்லூரியில் படிக்கும்போது அந்தக் கடைக்காக நான் ஒரு சிறிய புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். வாடிக்கையாளர் பெயர், போன் எண், அளவுகள், கொடுத்த அட்வான்ஸ், டெலிவரி தேதி எல்லாம் அதில் இருக்கும். 600 பேருக்கு மேல் பதிவாகியிருந்தார்கள். தகவல்கள் அனைத்தும் கடையில் இருந்த கம்ப்யூட்டரிலேயே ஒரு டேட்டாபேஸ் சர்வரில் இருந்தன. முந்தைய நாள் இரவு கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போய்விட்டது. யுபிஎஸ் கிடையாது.

போய்ப் பார்த்தேன். ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால், ஒரு நொடி மஞ்சள் நிறம் காட்டிவிட்டு சர்வர் நின்றுவிட்டது. எதிர்பாராமல் நின்றுவிட்டது என்று சிவப்பு எழுத்தில் ஒரு செய்தி. இணையத்தில் தேடினேன். "ஐபிடேட்டா1, ஐபி_லாக்பைல்0, ஐபி_லாக்பைல்1 ஆகிய பைல்களை அழித்துவிடுங்கள், சரியாகிவிடும்" என்று யாரோ எழுதியிருந்தார்கள். ஷிப்ட் கீயுடன் டெலீட் அழுத்தி மூன்றையும் அழித்தேன். சர்வரும் ஸ்டார்ட் ஆனது! பச்சை நிறம் வந்ததும் நான் பெருமையுடன் அக்காவைப் பார்த்தேன். அவர் ஒரு வாடிக்கையாளரின் பெயரைத் தேடினார். 1932 என்ற எண்ணுடன் ஒரு பிழைச் செய்தி வந்தது. டேபிளின் பெயர் இருக்கிறது, ஆனால் சர்வருக்கு அந்த டேபிளைத் தெரியவில்லை என்பது அதன் பொருள்.

அதற்குப் பிறகு நான் செய்தது இன்னும் பெரிய தவறு. இனி பயனில்லை என்று நினைத்து அந்த டேட்டாபேஸின் போல்டரையே அழித்துவிட்டு, என் லேப்டாப்பில் இருந்த இரண்டு மாதத்துக்கு முந்தைய பிரதியை ஏற்றினேன். நடுவில் வந்த தீபாவளி ஆர்டர்கள் அனைத்தும் போய்விட்டன.

அந்தத் தவறு உங்களுக்கு நேரக்கூடாது என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

டேட்டாபேஸ் சர்வர் என்பது என்ன?

எக்ஸெல் பைலைத் திறந்தால் நாமே நேரடியாக அதில் எழுதுகிறோம். டேட்டாபேஸ் சர்வர் அப்படி அல்ல. அது திரைக்குப் பின்னால் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு புரோகிராம். பெயரைச் சேர், அளவை மாற்று, பட்டியலைக் கொடு என்று மற்ற புரோகிராம்கள் அதனிடம் கேட்கும். பைல்களைத் தொடும் உரிமை அதற்கு மட்டுமே உண்டு.

இவ்வகையில் இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன் சோர்ஸ் சாப்ட்வேர்களில் மிகவும் பரவலானது மைஎஸ்க்யூஎல். மைக்கேல் விடேனியஸ், டேவிட் ஆக்ஸ்மார்க், ஆலன் லார்சன் ஆகியோர் தொடங்கிய சுவீடன் நிறுவனம் 1995இல் இதனை உருவாக்கியது. 2008இல் சன் நிறுவனம் இதை வாங்கியது. 2010இல் சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியது. இப்படி நடக்கப்போவது பிடிக்காத விடேனியஸ், மைஎஸ்க்யூஎல்லின் மூல நிரலைக் கொண்டே 2009இல் மரியாடிபி என்ற கிளையைத் தொடங்கினார். "மை" என்பது அவருடைய மூத்த மகளின் பெயர், "மரியா" இளைய மகளின் பெயர்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் இதைப் பதிய பலரும் பயன்படுத்துவது ஸாம்ப் என்ற தொகுப்பு. எக்ஸ், ஏ, எம், பி, பி என்ற ஐந்து எழுத்துகளில் பெயர் இருக்கும். 2015 முதல் இதில் வருவது மரியாடிபிதான். ஆனால் இதன் கண்ட்ரோல் பேனலில் மைஎஸ்க்யூஎல் என்றே இன்றும் எழுதியிருக்கும். குழம்ப வேண்டாம்.

எந்தப் பைலில் என்ன இருக்கிறது?

சி டிரைவில் ஸாம்ப் போல்டர், அதனுள் மைஎஸ்க்யூஎல், அதனுள் டேட்டா என்ற போல்டருக்குச் செல்லுங்கள். உங்கள் உழைப்பு முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

ஒவ்வொரு டேட்டாபேஸுக்கும் ஒரு போல்டர் இருக்கும். அதனுள் ஒவ்வொரு டேபிளுக்கும் பொதுவாக இரண்டு பைல்கள். எப்ஆர்எம் என்று முடிவதில் டேபிளின் அமைப்பு இருக்கும். ஐபிடி என்று முடிவதில் தகவல்கள் இருக்கும்.

வெளியே தனியாக இருக்கும் ஐபிடேட்டா1 என்ற பைல் வீட்டுப் பத்திரம் போன்றது. எந்தத் தகவல் எந்த டேபிளைச் சேர்ந்தது என்ற முக்கியக் குறிப்புகள் இதில்தான் உள்ளன. வீடு இருந்தும் பத்திரம் இல்லை என்றால் என்ன ஆகும்? அதுதான் தையல் கடையில் நடந்தது. அளவுகள் ஐபிடி பைலில் அப்படியே இருந்தன. அதே அமைப்பில் புதிய டேபிள் உருவாக்கி, பழைய ஐபிடி பைலை அதனுடன் இணைத்துத் தகவல்களை மீட்கும் வழி ஒன்று உண்டு. பல சமயங்களில் அது பலன் தரும். அது தெரியாமல் நான் போல்டரையே அழித்திருந்தேன்.

ஐபி_லாக்பைல் என்று தொடங்குபவை சர்வரின் நாட்குறிப்பு. ஒவ்வொரு மாற்றத்தையும் சர்வர் முதலில் இதில் குறித்துக்கொள்ளும். டேபிளில் நிதானமாகப் பிறகு எழுதும். நடுவில் மின்சாரம் போனால், அடுத்த முறை ஸ்டார்ட் ஆகும்போது இதைப் படித்து, விட்டுப்போன வேலையை முடித்துக்கொள்ளும். எனவே மின்தடைக்குப் பின் ஸ்டார்ட் ஆகச் சற்று நேரம் எடுத்தால் பொறுமையாக இருங்கள். திரும்பத் திரும்ப ஸ்டாப், ஸ்டார்ட் என்று அழுத்த வேண்டாம்.

முதலில் செய்ய வேண்டியவை

1. சர்வர் ஓடவில்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் சர்வரின் பைல்களை காப்பி செய்தால் அந்தப் பிரதியை நம்ப முடியாது.

2. டேட்டா போல்டரை முழுமையாக காப்பி செய்து வேறு டிரைவில் அல்லது பென் டிரைவில் பேஸ்ட் செய்யுங்கள். பெயரில் இன்றைய தேதியைச் சேருங்கள். இந்தப் பிரதியை இனி தொடவே கூடாது. நீங்கள் என்ன தவறு செய்தாலும் திரும்பி வர இதுதான் வழி.

3. ஸாம்ப் கண்ட்ரோல் பேனலில் மைஎஸ்க்யூஎல் வரிசையில் உள்ள லாக்ஸ் என்ற பட்டனை கிளிக் செய்து, வரும் பட்டியலில் எர்ரர் லாக் பைலைத் தேர்ந்தெடுங்கள். நோட்பேடில் திறக்கும். கடைசி 20 அல்லது 30 வரிகளைப் படியுங்கள். எர்ரர் என்ற சொல் உள்ள முதல் வரி எதைச் சொல்கிறது என்று பாருங்கள். அதற்குப் பின் வருபவை பெரும்பாலும் அதன் விளைவுகள்தான்.

சிவப்பு எழுத்துச் செய்தியில் உண்மையான காரணம் இருக்காது. எந்தக் கோளாறு என்றாலும் அதே செய்திதான் வரும். காய்ச்சல் என்று மட்டும் சொல்வது போல. என்ன காய்ச்சல் என்பது எர்ரர் லாக்கில்தான் தெரியும்.

லாக் என்ன சொல்கிறது? என்ன செய்யலாம்?

போர்ட் 3306, பைண்ட், 10048 ஆகியவற்றில் ஒன்று இருந்தால்: உங்கள் தகவல்களுக்கு எந்த ஆபத்தும் இல்லை. 3306 என்பது இந்த சர்வர் பயன்படுத்தும் வாசல் எண். வேறு ஒரு புரோகிராம் அந்த வாசலில் உட்கார்ந்திருக்கிறது. கண்ட்ரோல் பேனலில் நெட்ஸ்டாட் பட்டனை அழுத்தினால் அது யார் என்று தெரியும். பெரும்பாலும் தனியாகப் பதிந்த இன்னொரு மைஎஸ்க்யூஎல்லாக இருக்கும். விண்டோஸின் சர்வீசஸ் பகுதிக்குச் சென்று அதை நிறுத்துங்கள்.

ஏரியா என்ற சொல் இருந்தால்: மரியாடிபி தன் சொந்தக் குறிப்புகளை ஏரியா என்ற முறையில் வைத்திருக்கும். மின்தடையில் அதன் லாக் பைல் கெட்டுப்போவது உண்டு. பிரதி எடுத்துவிட்டீர்கள் என்றால், டேட்டா போல்டரில் ஏரியா_லாக் என்று தொடங்கும் பைல்களை மட்டும் வேறு போல்டருக்கு நகர்த்திவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். சர்வர் புதிதாக அவற்றை உருவாக்கிக்கொள்ளும்.

பிரிவிலேஜ் டேபிள்களைத் திறக்க முடியவில்லை என்று இருந்தால்: யூசர் பெயர், பாஸ்வேர்ட் வைத்திருக்கும் சர்வரின் சொந்த டேபிள்கள் கெட்டுவிட்டன. டேட்டா போல்டரின் பெயரை டேட்டா_பழையது என்று மாற்றுங்கள். அருகில் பேக்கப் என்று ஒரு போல்டர் இருக்கும். அதை காப்பி செய்து, அந்தப் பிரதிக்கு டேட்டா என்று பெயரிடுங்கள். பழையதிலிருந்து உங்கள் டேட்டாபேஸ் போல்டர்களையும், ஐபிடேட்டா1 பைலையும், இரண்டு ஐபி_லாக்பைல்களையும் சேர்த்து இதில் காப்பி செய்யுங்கள். மைஎஸ்க்யூஎல், பெர்பார்மன்ஸ்_ஸ்கீமா, பிஎச்பிமைஅட்மின் என்ற போல்டர்களைக் கொண்டுவர வேண்டாம். நீங்கள் உருவாக்கிய யூசர் கணக்குகளை மட்டும் மறுபடி உருவாக்க வேண்டியிருக்கும்.

இன்னோடிபி, கரப்ஷன் என்ற சொற்கள் இருந்தால்: தகவல் பைல்களிலேயே சேதம். கண்ட்ரோல் பேனலில் கான்பிக் பட்டனை அழுத்தி மை.ஐஎன்ஐ பைலைத் திறங்கள். மைஎஸ்க்யூஎல்டி என்று சதுர அடைப்புக்குள் இருக்கும் தலைப்பின் கீழே, இன்னோடிபி_போர்ஸ்_ரெகவரி = 1 என்ற வரியை ஆங்கில எழுத்துகளில் சேர்த்து சேவ் செய்யுங்கள். சொற்களுக்கு நடுவே அடிக்கோடு வர வேண்டும். இப்போது ஸ்டார்ட் செய்தால், சேதமான இடங்களைத் தாண்டிக்கொண்டு சர்வர் எழ வாய்ப்பு உண்டு. எழுந்தவுடன் வேறு எந்த வேலையும் செய்யாமல் எல்லா டேட்டாபேஸ்களையும் எக்ஸ்போர்ட் செய்துவிடுங்கள். 1இல் எழவில்லை என்றால் 2, பிறகு 3 என்று முயலலாம். 4, 5, 6 ஆகியவை நிரந்தரச் சேதம் செய்யக்கூடியவை. வேறு வழியே இல்லாதபோது, பிரதியின் இன்னொரு பிரதியில் மட்டும் முயலுங்கள். எக்ஸ்போர்ட் செய்ததைப் புதிய டேட்டா போல்டரில் இம்போர்ட் செய்த பின் அந்த வரியை நீக்க மறக்காதீர்கள்.

இடம் இல்லை அல்லது எர்ரர் 28 என்று இருந்தால்: ஹார்ட் டிஸ்க் நிரம்பிவிட்டது. பழைய சினிமா, டவுண்லோட் பைல்களை நீக்குங்கள். டேட்டா போல்டருக்குள் கை வைக்காதீர்கள்.

1045 என்ற எண் புரோகிராமில் வந்தால் அது சர்வர் கோளாறே அல்ல. யூசர் பெயர் அல்லது பாஸ்வேர்ட் தவறு, அவ்வளவுதான்.

தையல் கடையில் எந்த வகைக் கோளாறு? பல நாட்கள் கழித்துத்தான் அந்த லாக் பைலைத் திறந்து பார்த்தேன். நான்காவது வகை. போர்ஸ் ரெகவரி முறையை முயன்று பார்க்கும்படி லாக்கிலேயே எழுதியிருந்தது. நான் அழிப்பதற்கு முன் எழுதப்பட்ட வரி அது.

வாரம் ஒரு முறை 5 நிமிடம்

பிஎச்பிமைஅட்மின் பக்கத்தைத் திறந்து, இடது பக்கம் உங்கள் டேட்டாபேஸைத் தேர்ந்தெடுங்கள். மேலே எக்ஸ்போர்ட் என்ற டேபை கிளிக் செய்து, குவிக் முறையில், எஸ்க்யூஎல் வடிவத்தில் சேமியுங்கள். அந்த பைலை பென் டிரைவில் தேதியுடன் வையுங்கள். பழையதன் மேல் எழுதாமல் கடைசி நான்கு வாரப் பிரதிகளையாவது வைத்திருங்கள்.

மாதம் ஒரு முறை, சோதனைக்காக ஒரு புதிய டேட்டாபேஸ் உருவாக்கி, அந்த பைலை அதில் இம்போர்ட் செய்து பாருங்கள். எத்தனை வரிசைகள் வந்தன என்று அசலுடன் ஒப்பிடுங்கள். திரும்ப ஏற்றிப் பார்க்காத பேக்கப்பை பேக்கப் என்று நம்ப முடியாது. இம்போர்ட் செய்யக்கூடிய அதிகபட்ச அளவு அந்தப் பக்கத்திலேயே காட்டப்படும், கவனியுங்கள்.

கம்ப்யூட்டரை அணைக்கும் முன் கண்ட்ரோல் பேனலில் ஸ்டாப் அழுத்தி சர்வரை நிறுத்துங்கள். மின்தடை அதிகம் உள்ள இடம் என்றால் ஒரு சிறிய யுபிஎஸ் அவசியம். மேலும் ஸாம்ப் பதிந்தவுடன் ரூட் கணக்குக்குப் பாஸ்வேர்ட் இருக்காது. நெட்வொர்க்கில் வேறு கம்ப்யூட்டர்கள் இருந்தால் உடனே ஒன்றை அமையுங்கள்.

அந்தத் தீபாவளிக்கு அக்கா என்ன செய்தார் என்று கேட்பீர்கள். துணியோடு அளவு ஜாக்கெட் கொடுத்தவர்கள் பிரச்சினை இல்லை. மற்றவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு மறுபடி அளவெடுத்தார். அட்வான்ஸ் எவ்வளவு என்று அவர்கள் சொன்னதையே கணக்காக எடுத்துக்கொண்டார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆனால் அன்றிலிருந்து கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நீள நோட்டும் வைத்திருக்கிறார். புரோகிராமில் பதிந்த பிறகு அதிலும் ஒரு வரி எழுதிக்கொள்கிறார்.

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சனிக்கிழமைதோறும் எக்ஸ்போர்ட் எடுத்துக் கொடுப்பது இப்போது என் வேலை.