கடுங்குளிரில் சிறு ஆறுதல்கள்

உண்ண உணவும், உடுக்க உடையும், இருக்க இடமும் மனிதனுக்கு இன்றியமையாதன என்பதை யாவரும் அறிவர். ஆயின், இம்மூன்றும் குறைந்து நெருக்கடி நேர்ந்த காலத்தில், ஒரு நல்ல நூல், கண்ணுக்கினிய ஓர் ஆடை, மாலைப்பொழுதில் ஒரு கலைநிகழ்ச்சி என்னும் சிறு இன்பங்கள் வேண்டாதனவாகி விடுகின்றனவா? இவ்வினாவிற்கு, 1947ஆம் ஆண்டிலே பிரித்தானியாவை வாட்டிய கடுங்குளிர்காலம் தெளிவானதொரு விடையைத் தருகின்றது.

வெப்ப நாட்டில் வாழ்வோர் அக்குளிரைக் கற்பனை செய்வதும் அரிது. ஜனவரி 22ஆந் திகதி தொடக்கம் மார்ச் 17ஆந் திகதி வரை, அந்நாட்டின் ஏதேனுமொரு பகுதியில் நாள்தோறும் வெண்பனி பொழிந்துகொண்டேயிருந்தது. இலண்டனுக்கு அண்மையிலுள்ள கியூ வானிலை நிலையத்தில், பெப்ரவரி 2 முதல் 22 வரை சூரியன் ஒருமுறையேனும் முகங்காட்டவில்லை. வயலிலே உறைந்துபோன கிழங்குகளைத் துளைகருவி கொண்டு தோண்டியெடுக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது உலகப்போர் முடிந்து இரண்டாண்டுகள்கூட ஆகாத காலம் அது. போரில் வென்ற நாடாயினும், வெற்றி அந்நாட்டு மக்களின் அடுக்களையை நிறைக்கவில்லை. போர்க்காலத்தில் தாராளமாகக் கிடைத்த பாணுக்குக்கூட 1946ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலே கூப்பன் வந்துவிட்டது. வீட்டுக்கு வெப்பமும் ஒளியும் தந்தது நிலக்கரி. மின்சாரமும் அதிலிருந்தே பிறந்தது. குளிர்காலம் தொடங்கும்போதே மின்னிலையங்களிற் போதிய நிலக்கரி இருப்பில் இல்லை. வெண்பனி பாதைகளை மூடியதும், சுரங்க வாயிலிற் குவிந்திருந்த கரியும் வந்து சேரவில்லை. புகையிரதங்கள் வழியில் நின்றன. கரிக்கப்பல்கள் துறைமுகங்களில் முடங்கின.

பெப்ரவரி 7ஆந் திகதி, எரிபொருள் அமைச்சர் இமானுவல் ஷின்வெல் பாராளுமன்றத்தில் ஓர் அறிவித்தலை விடுத்தார். பெப்ரவரி 10ஆந் திகதி முதல், நாட்டின் பெரும்பகுதியில் தொழிற்சாலைகளுக்கு மின்சாரம் நிறுத்தப்படும். வீடுகளிலும் காலை 9 மணி முதல் 12 மணி வரையும், பிற்பகல் 2 மணி முதல் 4 மணி வரையும் மின்சாரம் பாவித்தலாகாது என்பதே அவ்வறிவித்தல். வேலையிழந்தோர் தொகை இருபது இலட்சத்தைக் கடந்தது. அலுவலகங்களில் மெழுகுதிரி ஒளியிலே கணக்கெழுதினர்.

இந்நிலையில் அரசாங்கம் இன்றியமையாதது எது, அல்லாதது எது என்று பிரித்துப் பார்க்க நேர்ந்தது. முதலிற் கைவிடப்பட்டவற்றுள் தொலைக்காட்சி ஒன்று. உயர்ந்த இசைக்கும் இலக்கியத்துக்குமென 1946ஆம் ஆண்டு செப்டெம்பரில் தொடங்கிய மூன்றாம் ஒலிபரப்பும் நிறுத்தப்பட்டது. வாரச் சஞ்சிகைகள் இரண்டு வாரம் வெளிவரவில்லை. வானொலி நிகழ்ச்சி நிரலை அச்சிடும் ‘ரேடியோ டைம்ஸ்’ ஏடும் அவற்றுள் அடங்கும்.

தொலைக்காட்சியின் கதை சற்று விந்தையானது. இலண்டன் அலெக்சாந்திரா மாளிகையிலிருந்த அந்நிலையம், போர் மூளவிருந்த 1939ஆம் ஆண்டு செப்டெம்பர் 1ஆந் திகதி ஒரு மிக்கி மவுஸ் படத்தோடு மூடப்பட்டது. ஏறக்குறைய ஏழாண்டுகளின் பின், 1946ஆம் ஆண்டு ஜூன் 7ஆந் திகதி அதே படத்தைக் காட்டியவாறு மீண்டும் திறக்கப்பட்டது. 1947இன் தொடக்கத்தில் ஏறத்தாழப் பதினையாயிரம் இல்லங்களிலேயே அனுமதி பெற்ற தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. நாளுக்குச் சில மணி நேரமே இயங்கிய அந்நிலையத்தை மூடியதால் மிஞ்சிய நிலக்கரி பெரிதாக இருந்திருக்க இயலாது. ஆயினும் திரை இருண்டது.

வானொலியோ முற்றாக மௌனமாகவில்லை. இரவு 11 மணிக்கு ஒலிபரப்பை முடித்துக்கொண்ட போதிலும், உள்நாட்டுச் சேவையும் மெல்லிசைச் சேவையும் தொடர்ந்தன. டிக் பார்ட்டன் என்னும் துப்பறிவாளனின் தொடர்கதை மாலைதோறும் கால்மணி நேரம் குடும்பத்தை ஒன்றுகூட்டிற்று.

மின்சாரமே வேண்டாத துணையாக நூல் விளங்கிற்று. மேலங்கியும் கையுறையும் அணிந்தவாறே படுக்கையிற் புகுந்து, மெழுகுதிரி ஒளியில் வாசித்தவர் பலர். போரிலே குண்டுவீச்சால் இலட்சக்கணக்கான நூல்கள் எரிந்துபோயிருந்தன; கடதாசிக்கும் பங்கீடு நிலவிற்று. ஆகவே நூலொன்று கைக்குக் கை மாறிப் பலரைச் சென்றடைந்தது. பொது நூல்நிலையங்களோடு, பூட்ஸ் மருந்துக் கடைகளிலிருந்த வாடகை நூல்நிலையங்களும் இப்பணியைச் செய்தன. பெங்குவின் நிறுவனம் 1946ஆம் ஆண்டு ஜனவரியில் ஹோமரின் ஒடிசியை எளிய ஆங்கில வசனத்திலே மலிவுப் பதிப்பாக வெளியிட்டிருந்தது. போர் முடிந்தும் வீடு சேர முடியாது அலைந்த ஒருவனின் கதை, போர்க்களத்திலிருந்து மீண்டவர்களின் நாட்டில் பெருந்தொகையாக விற்பனையாயிற்று. நூலோடு ஒரு கோப்பைத் தேநீரும் இருந்தால் அதுவே பேரின்பம். ஆனால் இலங்கை மலைச்சரிவுகளிலே தொழிலாளர் கொய்த கொழுந்தும் அங்கு 1952ஆம் ஆண்டு வரை பங்கீட்டுப் பொருளாகவே இருந்தது.

அழகின்மீதுள்ள வேட்கையும் அணையவில்லை. பெப்ரவரி 12ஆந் திகதி, அதாவது பிரித்தானியாவில் மின்வெட்டு தொடங்கி இரண்டு நாட்களின் பின், பாரிஸ் நகரில் கிறிஸ்தியன் டியோர் தமது முதலாவது ஆடைத் தொகுதியை அரங்கேற்றினார். ஒடுங்கிய இடையும், மலர்போல் விரிந்து கணுக்காலை நெருங்கும் பாவாடையும் கொண்ட அவ்வுடைக்குப் ‘புதுத்தோற்றம்’ என்னும் பெயர் நிலைத்தது. பிரித்தானியாவிலோ 1941ஆம் ஆண்டு முதல் ஆடைக்குக் கூப்பன். 1942ஆம் ஆண்டு முதல் சவர்க்காரத்திற்கும் கூப்பன். துணியை இவ்வாறு விரயஞ்செய்தல் தகுமா என்று வர்த்தக அமைச்சர் ஸ்ராபோர்ட் கிறிப்ஸ் முதலானோர் சினந்தனர். அச்சினத்தில் நியாயமும் இருந்தது. சிலர்க்கு மிகையாகவும் பலர்க்கு எட்டாததாகவும் உள்ள இன்பம் ஆறுதலன்று, ஏக்கமே ஆகும். ஆனால் பெண்கள் அதற்கும் ஒரு வழி கண்டனர். பழைய பாவாடையின் ஓரத்தில் வேறொரு துணியை ஒட்டுத்தைத்து நீளமாக்கினர்; திரைச்சீலைகளும் ஆடைகளாயின. ஆடைக் கூப்பன் 1949ஆம் ஆண்டு மார்ச்சில் ஒழியுமுன்னரே, புதுத்தோற்றம் சாதாரணத் தெருக்களிலும் நடமாடிற்று.

மார்ச் 11ஆந் திகதி தொலைக்காட்சி மீண்டது. பின்னர் பனி உருகி வெள்ளமாய்ப் பெருகியதாயினும், பகலும் நீண்டது. நெருக்கடியில் உணவும் கரியும் முன்னிற்பதே முறை. அதனை எவரும் மறுக்கவில்லை. ஆயினும் கரி உடலைக் காத்தது. கதையும், இசையும், ஒட்டுத்தைத்த ஓர் ஆடையும் மனத்தைக் காத்தன. அவற்றுள்ளும், ஒருவர் வாசித்துவிட்டு மற்றவர்க்குக் கொடுக்கக்கூடிய நூலும், பலர் கூடியிருந்து கேட்கக்கூடிய வானொலியுமே அக்குளிரை இறுதிவரை தாங்கி நின்றன. பகிர்ந்துகொள்ளத்தக்க இன்பம் எத்துணைச் சிறிதாயினும், அதனை வேண்டாப் பொருளென்று தள்ளிவிடுதல் இயலாது என்பதே அக்கடுங்குளிர் கற்பித்த பாடமாகும்.