பனிக்கட்டி வகுத்த நாடு

ஐரோப்பாவின் வடபாலுள்ள ஸ்கந்திநேவியத் தீபகற்பத்தில் நோர்வேயும் சுவீடனும் அமைந்துள்ளன. கோடைகாலத்திற் குடும்பத்துடன் அங்குச் சுற்றுலாச் செல்வோர், ஸ்ரொக்ஹோமிலிருந்து ஒஸ்லோ வழியாகப் பேர்கன் நகரை அடைந்து, மேற்குக் கரையிலுள்ள நுழைகழிகளைக் கண்டு மீள்வர். நகரங்களின் சிறப்பு வேறு, மலைகளின் சிறப்பு வேறு என எண்ணுவோர் பலர். ஆயின் அவ்வழி நெடுகிலுமுள்ள நிலத்தை வகுத்தது பனிக்கட்டியே. அது தொடங்கிய வேலை இன்னும் முடியவில்லை என்பது அறியற்பாலது.

ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்னர் இத்தீபகற்பம் முழுவதையும் பனிக்கட்டி மூடியிருந்தது. அதன் பாரத்தால் நிலம் அமிழ்ந்தது. பனிக்கட்டி உருகியதும் அமிழ்ந்த நிலம் எழலாயிற்று; இன்றும் எழுகின்றது. பொத்தினியா விரிகுடாவின் சுவீடன் கரையில் இவ்வெழுச்சி ஆண்டுக்கு 8 மில்லிமீற்றர் வரையாகும். 1621இல் நிறுவப்பட்ட லூலியோ நகரம், துறைமுகம் ஆழங்குன்றியமையால் 1649இல் வேறிடத்துக்கு மாற்றப்பட்டது. ஸ்ரொக்ஹோமின் மேற்கேயுள்ள மேலாரன் ஏரி முன்னாளிற் பால்டிக் கடலின் ஒரு குடாவாயிருந்தது. எழுந்த நிலம் அதனைக் கடலினின்றும் பிரித்தது. ஏரியும் கடலும் சந்திக்கும் வாயிலில் 13ஆம் நூற்றாண்டில் அந்நகரம் தோன்றிற்று.

ஒஸ்லோவிலிருந்து பேர்கன் செல்லும் இருப்புப்பாதை 1909இல் திறக்கப்பட்டது. அது 1,200 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில் மேட்டுநிலத்தைக் கடக்கின்றது. மீர்டால் நிலையத்திற் பிரியும் கிளைப்பாதையோ 20 கிலோமீற்றர் தூரத்துள் ஏறத்தாழ 865 மீற்றர் இறங்கி, பிளோம் என்னும் ஊரில் நுழைகழியின் கரையை அடைகின்றது. உயர்ந்த மலையும் கடலும் இத்துணை அண்மையில் அமைந்தது எவ்வாறு?

மலையில் ஓடும் ஆறு தன் அடியையே அரிப்பதால் அதன் பள்ளத்தாக்கு கீழே ஒடுங்கியிருக்கும். பனிக்கட்டியாறோ பாறைத்துண்டுகளைச் சுமந்துகொண்டு, அடியையும் இருபக்கங்களையும் ஒருங்கே தேய்த்து நகரும். ஆகவே பள்ளத்தாக்கு ‘ப’ என்னும் எழுத்தின் வடிவைப் பெறும். பனிக்கட்டி நீங்கியபின் அப்பள்ளத்தாக்கிற் கடல் புகுந்ததே நுழைகழியாகும். சொக்ன நுழைகழி 200 கிலோமீற்றருக்கு மேல் உள்நாட்டுட் செல்கின்றது. அதன் மிகுந்த ஆழம் 1,300 மீற்றர். முகப்பிலோ ஆழம் மிகக் குறைவு. மலைகளிடையே நெருங்கித் தடித்திருந்த பனிக்கட்டி, வெளியே பரந்ததும் மெலிந்து, தோண்டும் வலி குன்றியமையே அதற்குக் காரணம். சிறு பனிக்கட்டியாறுகள் தோண்டிய கிளைப் பள்ளத்தாக்குகள் ஆழமின்றி உயரத்தில் நின்றுவிட்டன. அவற்றின் நீரே அருவிகளாய் வீழ்கின்றது.

செங்குத்தான இக்கரைகளில் உழுநிலம் அரிது. மக்கள் கடலையே வழியாகவும் வாழ்வாகவும் கொண்டனர். அத்திலாந்திக்கின் வெப்பநீரோட்டத்தால் துறைகள் மாரியிலும் உறைவதில்லை. வட நோர்வேயில் உலர்த்திய மீனை ஜெர்மானிய ஹன்சா வணிகர் பேர்கனில் வாங்கி ஐரோப்பாவெங்கும் அனுப்பினர். 1702இல் எரிந்தபின் மீளக் கட்டப்பெற்ற அவர்தம் மரப் பண்டசாலைகள் 1979இல் உலக மரபுரிமையாயின.

கெய்ராங்கர் நுழைகழியிற் கப்பல் செல்கையில், செங்குத்தான பாறையின் விளிம்பிற் கைவிடப்பட்ட பண்ணைவீடுகள் தோன்றும். விளையாடும் குழந்தைகள் கீழே விழாதிருக்கப் பெற்றோர் அவர்களைக் கயிற்றாற் கட்டிவைத்தனர் என்பர். விழுவோர்க்கன்றி, மலையே விழுவதற்கும் அஞ்சவேண்டிய இடம் அது. பனிக்கட்டி அடிப்பக்கத்தை அரித்தபின் தாங்குவாரின்றி நிற்கும் பாறைகள் காலப்போக்கிற் பிளக்கின்றன. 1934ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அயலிலுள்ள தாபியோர்டிற் பாறை சரிந்து நீரில் வீழ, எழுந்த பேரலை 40 உயிர்களைக் கவர்ந்தது. கெய்ராங்கருக்குச் செல்லும் நீர்வழியின்மேலுள்ள ஒக்னெஸ் மலைச்சரிவிலும் நீண்ட பிளவொன்று ஆண்டுதோறும் விரிகின்றது. அதன் அசைவைக் கருவிகள் இடையறாது அளக்கின்றன. அலை எழுமாயின் ஊரவர் மேட்டிற்கு ஏறுவதற்கு வேண்டிய எச்சரிக்கை ஒழுங்குகளும் உள்ளன.

அம்மலையை நிறுத்தும் ஆற்றல் மனிதர்க்கில்லை. அதனடியில் வாழும் மக்கள் ஊரை நீங்கவுமில்லை, ஆபத்தை மறக்கவுமில்லை. மலையின் இயல்பை அறிந்து, அதனை இரவும் பகலும் கவனித்து வாழ்கின்றனர். கப்பலின் மேற்றளத்தில் நின்று அருவியைக் காட்டும் பெற்றோர், அப்பிளவு இருக்கும் திசையையும் தம் மக்களுக்குக் காட்டுவாராயின், அந்நாட்டை முழுமையாகக் காட்டியவராவர்.