அதே ரோபோ, புது அச்சு

1980 ஜூலையில் ஜப்பானின் பண்டாய் நிறுவனம் டிவி கார்ட்டூன் தொடரில் வந்த 'கண்டம்' (Gundam) ரோபோவின் முதல் மாடலை 300 யென்னுக்கு விற்றது. பசை போட்டு ஒட்டி, பெயின்ட் அடித்தால்தான் டிவியில் பார்த்த உருவம் கிடைக்கும். 2020-இல் அதே ரோபோ 'என்ட்ரி கிரேடு' வரிசையில் வந்தபோது பாகங்களைக் கையாலேயே பிய்த்து அழுத்திப் பொருத்தினால் போதும் என்றாகிவிட்டது. கண்ணின் மஞ்சள்கூட ஸ்டிக்கர் அல்ல, தனி நிறப் பிளாஸ்டிக். ஆக, புதுப்பித்த மாடலை எடைபோடப் பாகங்களை எண்ணிப் பயனில்லை. நிறம் எப்படிப் பிரிந்திருக்கிறது, இணைப்புக்கோடு எங்கே ஒளிந்திருக்கிறது, மூட்டு இறுக்கமாக நிற்கிறதா என்பவையே உரைகல். உதாரணமாக, அதே ரோபோவின் 2010 'ரியல் கிரேடு' மாடலில் உள்ளெலும்புக்கூடு ஏற்கெனவே கோத்த நிலையிலேயே அச்சாகி வந்தது. பார்க்க அற்புதம்தான். ஆனால் நாலு முறை கைகாலை மடக்கினால் மூட்டு தளர்கிறது என்ற புகாரும் கூடவே வந்தது. 2024-இல் வந்த இரண்டாம் பதிப்பு அந்த உத்தியைக் கைவிட்டது.

இத்தனை சுலபமானால் கைவேலைக்கு என்ன மதிப்பு என்று பழைய ரசிகர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் பாகங்களை அவை அச்சாகி வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து பிரித்த இடத்தில் நிற்கும் சிறு வெளுப்புத் தழும்பை உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பதும், தகட்டுக் கோடுகளில் மை ஓட்டுவதும் இன்றும் கட்டுபவரின் வேலைதான். அச்சு மிச்சப்படுத்தியது பொறுமையை அல்ல, பசை காயக் காத்திருக்கும் நேரத்தை. பசைதான் வேண்டும் என்பவர், பழைய மாடலையே தேடி வாங்கட்டுமே!