வைப்பர் சரியாகத் துடைக்கவில்லையா? முதலில் கண்ணாடியைத் தொட்டுப் பாருங்கள்

கடந்த அக்டோபரில் ஒரு மாலை. சிரம்பானிலிருந்து ரந்தாவ் வழியாக அம்மா இருக்கும் தோட்டத்திற்குப் போய்க்கொண்டிருந்தேன். பருவமழை மாறும் மாதங்களில் நம் பக்கம் மாலை நேரத்தில் இடியோடு கொட்டுமே, அந்த மழை. இருபுறமும் செம்பனை. சாலையில் விளக்கு இல்லை.

எதிரே குலை ஏற்றி வந்த லோரியின் வெளிச்சம் பட்டதும் கண்ணாடி முழுக்கப் பாலை ஊற்றியதுபோல் வெளுத்துவிட்டது. லோரி கடந்த பிறகுதான் முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள் போவது தெரிந்தது. பிரேக்கை அழுத்தி மிதித்தேன். இடையில் ஒரு கார் நீளம்கூட இல்லை. கணவன், மனைவி, நடுவில் ஒரு குழந்தை.

இத்தனைக்கும் முந்திய வாரம்தான் வைப்பரை மாற்றியிருந்தேன்.

மறுநாள் காலை மாமாவிடம் சொன்னேன். முப்பது ஆண்டுகள் தோட்டத்து லோரி ஓட்டியவர். ஈர விரலைக் கண்ணாடியில் தேய்த்துப் பார்த்தார். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். தண்ணீர் சீராகப் பரவாமல் அங்கங்கே திட்டுத் திட்டாக நின்றது.

"ரப்பர் மேல குத்தமில்ல மாப்ள. கண்ணாடியில எண்ணெய் ஏறிக் கெடக்கு."

டீசல் புகை, செம்மண் தூசி, பூச்சி, கார் கழுவும் கடையில் போடும் மெழுகு எல்லாம் சேர்ந்து கண்ணாடியில் மெல்லிய படலமாகிவிடுகின்றன. புது ரப்பர் அதைத் துடைப்பதில்லை, பரப்பிவிடுகிறது. பகலில் அவ்வளவாகத் தெரியாது. இரவில் எதிர் விளக்கு பட்டால் வெளிச்சம் சிதறிக் கண்ணை மறைத்துவிடும்.

பாத்திரம் கழுவும் சோப்பு நாலு சொட்டு, ஒரு வாளித் தண்ணீர், பழைய துணி. நன்றாகத் தேய்த்து, நுரை போகுமட்டும் அலசினோம். உள்பக்கக் கண்ணாடியையும் துடைத்தோம். வெயிலில் சூடாகும் டாஷ்போர்டிலிருந்து கிளம்பும் ஆவி அங்கே படிகிறது. எந்த வைப்பரும் அதைத் தொடாது.

துடைக்கும் விதத்தைப் பார்த்தே கோளாறைக் கண்டுபிடிக்கலாம் என்றார் மாமா.

மெல்லிய கோடுகள் விழுந்தால்: ரப்பர் விளிம்பில் மண் ஒட்டியிருக்கும், அல்லது விளிம்பு கிழிந்திருக்கும். ஈரத்துணியால் விளிம்பைத் துடையுங்கள். அதே இடத்தில் மீண்டும் கோடு விழுந்தால் மாற்றவேண்டியதுதான்.

தடதடவெனத் துள்ளினால்: ரப்பர் இறுகியிருக்கலாம். போகும்போது ஒரு பக்கமும் வரும்போது மறுபக்கமும் விளிம்பு சாயவேண்டும்; இறுகிய ரப்பர் சாயாது. வைப்பர் கை முறுக்கிக்கொண்டிருந்தாலும் இதே கதைதான். அதைப் பட்டறையில் கொடுத்து நேராக்குங்கள்.

ஒரு பட்டை மட்டும் துடைக்காமல் விட்டால்: பிளேடின் சட்டம் வளைந்திருக்கும், அல்லது கையின் ஸ்பிரிங் தளர்ந்து அழுத்தம் குறைந்திருக்கும். ரப்பரை மட்டும் மாற்றினால் பயனில்லை.

தண்ணீர் பீய்ச்சாவிட்டால்: தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால், துவாரத்தில் அடைத்த அழுக்கை மெல்லிய ஊசியால் எடுங்கள்.

பிளேடைக் கழற்றும்போது கண்ணாடிமேல் தடித்த துணியை மடித்துப் போடுங்கள். கை நழுவி விழுந்தால் வெறும் இரும்பு கண்ணாடியை உடைத்துவிடும். காய்ந்த கண்ணாடியில் வைப்பரை ஓட்டாதீர்கள். தூசியே கண்ணாடியைக் கீறிவிடும்.

"எத்தனை நாளைக்கு ஒருக்கா மாத்தணும் மாமா?"

"நம்ம வெயிலுக்கு ஆறு மாசத்துக்கு மேல போனா பாத்துக்கணும். ஒரு வருசம் தாண்டக் கூடாது."

பால்மரம் வெட்டிய அப்பாவும் இதை அறிவார். ரப்பர் தகடுகளை வெயிலில் போட்டால் பிசுபிசுத்துப்போகும் என்று நிழலில்தான் காயவைப்பார்கள். காரை நாள் முழுக்க வெயிலில் நிறுத்தும் நாம்தான் அதை மறந்துவிட்டோம்.

அன்று மாலையும் மழை. அதே சாலை, எதிரே லோரி விளக்கு. கண்ணாடி வெளுக்கவில்லை. தூரத்தில் ஒரு மோட்டார் சைக்கிளின் சின்னச் சிவப்பு விளக்கு தெரிந்தது. வேகத்தைக் குறைத்துக்கொண்டேன்.

இந்த வாரம் ஒரு வாளித் தண்ணீரை உங்கள் கார்க் கண்ணாடியிலும் ஊற்றிப் பாருங்கள்.