வில்லுக்கும் வேண்டும் வைத்தியம்

வில் என்றதும் போர்க்களமும் வேட்டைக்காடும் பலருக்கு நினைவுக்கு வரும். நம் குமரி மாவட்டத்தாருக்கோ வில் ஓர் இசைக்கருவி. கொடை விழாக்களில் விடிய விடியக் கதை சொல்லும் வில்லுப்பாட்டை அறியாதார் இங்கு யார்? நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908ஆம் ஆண்டு பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன், காந்தியடிகளின் கதையை வில்லுப்பாட்டாகப் பாடினார். பெண்களாலும் இக்கலை இயலும் என்பதற்கு, 2018இல் மறைந்த நம் மாவட்டக் கலைஞர் பூங்கனி அம்மையாரின் வாழ்வே சான்று. பாட்டைப் பாராட்டும் நாம், அதனைத் தாங்கி நிற்கும் மரவில்லைப் பற்றியும், அது பழுதுற்றால் செப்பனிடும் முறை பற்றியும் சிறிது அறிந்துகொள்வோம்.

வில்லுப்பாட்டுக்குரிய வில்லைப் பெரும்பாலும் வைரம் பாய்ந்த பனைமரத்திலிருந்து செதுக்குவர். நடுவில் பருத்தும் இரு முனைகளிலும் மெலிந்தும் இருக்கும்படி இழைத்து, வளைத்து, தோலால் முறுக்கிய நாணைப் பூட்டுவர். மணிகளைத் தொங்கவிட்டு, வண்ணத்துணி சுற்றி அழகு செய்வர். வில்லின் நடுப்பகுதி மண்குடத்தின் மேல் அமர, நாண் மேற்பக்கம் இருக்கும். அதனை வீசுகோலால் தட்டும்போது மணிகள் சேர்ந்து ஒலிக்கும்.

வளைந்த வில்லில் இரு விசைகள் எப்போதும் வேலை செய்கின்றன. வெளிப்பக்கத்தை முதுகு என்றும், நாணை நோக்கிய உட்பக்கத்தை வயிறு என்றும் கொள்வோம். முதுகிலுள்ள நார்கள் இழுபடுகின்றன; வயிற்றிலுள்ளவை நசுக்கப்படுகின்றன. பனையில் கெட்டியான கருநிற நார்கள் தண்டின் வெளிப்புறத்தில் நெருங்கியும், உட்புறத்தில் சோற்றிப்பகுதியில் தளர்ந்தும் இருக்கின்றன. ஆகவே வெளிப்புற வைரத்தைக் கொண்டு வில் செய்வதும், அதன் நீண்ட நார்களை முதுகில் அறுபடாமல் காப்பதும் இன்றியமையாதவை.

பழுது பார்க்கத் தொடங்குமுன் நாணைக் கழற்றிவிட வேண்டும். பூட்டிய வில் திடீரென முறிந்தால் அருகில் இருப்பவருக்குக் காயம் நேரலாம். பின்னர் துணியை அவிழ்த்து, மரத்தை நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பைக் காண ஓர் எளிய வழி உண்டு. சிறிது பஞ்சை எடுத்து மரத்தின் மீது மெல்லத் தடவினால், சிலாம்பு எழும்பிய இடத்தில் பஞ்சு இழை சிக்கிக்கொள்ளும். குடத்தோடு உராயும் நடுப்பகுதியையும், நாண் பூட்டும் முனைகளையும் தனியே கவனிக்க வேண்டும்.

வெடிப்புகள் எல்லாம் ஒன்றல்ல. நாரோட்டத்தின் வழியே நீளவாக்கில் ஓடும் சிறு வெடிப்பைச் சரிசெய்யலாம். தூசியை நீக்கி, பிளவுக்குள் பசையைச் செலுத்தி, இறுக்கி அமர்த்தி நூலால் சுற்ற வேண்டும். முன்பு தச்சர் வச்சிரப் பசையைக் காய்ச்சிப் பயன்படுத்தினர். அது ஈரத்தில் இளகும். இன்று இரண்டு குழாய்களிலிருந்து பிழிந்து கலக்கும் எப்பாக்சிப் பசை கிடைக்கிறது. எப்பசையாயினும் நன்கு காயும்வரை நாண் பூட்டலாகாது.

நூல் சுற்றுவதிலும் ஒழுங்கு உண்டு. வெடிப்பு தொடங்குவதற்கு முன்னரே தொடங்கி, அது முடிந்த பின்னும் சிறிது தூரம் சென்று நிறுத்த வேண்டும். ஒவ்வொரு சுற்றும் அடுத்த சுற்றை ஒட்டி, இடைவெளியின்றி அமைய வேண்டும். அவசரத்தில் ஆணி அடிப்பது பெருந்தவறு. ஆணி நார்களை அறுத்து, புதிய வெடிப்புக்கு வழி திறந்துவிடும். வெடிப்பு முதுகில் குறுக்காக ஓடினாலோ, வயிற்றில் நசுங்கிய வரிகள் தென்பட்டாலோ அவ்வில்லுக்கு ஓய்வு தருவதே அறிவுடைமை.

வலுவூட்டுவது எப்படி? முதுகின் நீளம் முழுவதும் மெல்லிய பதனிடாத தோலையோ உறுதியான துணியையோ ஒட்டுவது ஒரு முறை. பிற நாட்டாரும் இவ்வழியையே கண்டனர். நடு ஆசியக் குதிரைவீரர், நசுங்கலைத் தாங்கும் கொம்பை வில்லின் வயிற்றிலும், இழுப்பைத் தாங்கும் விலங்கின் தசைநாரை முதுகிலும் ஒட்டினர். ஜப்பானியர் மூங்கிலையும் மரத்தையும் அடுக்கி ஒட்டி, பிரம்பால் சுற்றினர்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. பழுதுற்ற ஓரிடத்தை மட்டும் மிகக் கெட்டியாக்கினால் அவ்விடம் வளைய மறுக்கும். அதன் பங்கு வளைவும் அண்டையிலுள்ள மரத்தின் மேல் விழும். நாளடைவில் கட்டின் ஓரத்தில் வில் முறியும். ஆகையால் கட்டு நடுவில் தடித்து, ஓரங்களில் படிப்படியாக மெலிய வேண்டும். சுமையை ஓரிடத்திலிருந்து அகற்றுவது போதாது; எல்லா இடங்களும் தத்தம் அளவுக்குத் தாங்குமாறு பகிர்ந்தளிக்க வேண்டும்.

நம் ஊர்ப் பருவநிலையும் வில்லுக்கு ஒரு சோதனையே. தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழைகளும் திற்பரப்புக்கு உண்டு. ஈரக்காற்றில் தோல்நாண் தளரும். காய்ந்தால் சுருங்கி வில்லை இறுக்கும். நனைந்த வில்லை வெயிலிலோ அடுப்பருகிலோ வைக்காமல் நிழலில் உலர்த்த வேண்டும். நிகழ்ச்சி முடிந்ததும் நாணைத் தளர்த்தி, கிடையாக வைத்து, ஆண்டுக்கொரு முறை எண்ணெயோ வார்னிஷோ பூசிவந்தால் வில் நீடித்து உழைக்கும்.

பழைய வில்லை எறிந்துவிட்டுப் புதிது செய்துகொள்ளலாமே என்று சிலர் கேட்கலாம். வைரம் பாய நெடுங்காலம் எடுக்கும் மரம் பனை. அது நம் மாநில மரமும் ஆகும். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021ஆம் ஆண்டின் வேளாண் நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு அறிவித்தது. ஒரு வில்லைச் செப்பனிட்டால் ஒரு பனையின் வைரம் வீணாகாமல் காக்கப்படுகிறது. அவ்வில்லோடு பழகிய குழுவின் ஓசையும் காக்கப்படுகிறது.

தோழியரே! நம் வீட்டுப் பரணிலோ உறவினர் இல்லத்திலோ பழைய வில் ஒன்று கிடந்தால், விறகென்று ஒதுக்கிவிடாதீர்கள். பஞ்சை எடுத்துத் தடவிப் பாருங்கள். நீளவாக்கு வெடிப்பு மட்டுமே இருந்தால், ஊர்த் தச்சரிடம் கொண்டு செல்லுங்கள். அவர் செய்வதை அருகிலிருந்து கற்றுக்கொள்ளுங்கள். அடுத்த கொடையில் அவ்வில்லின் மணிகள் ஒலிக்கட்டும்!